நாலாவது பெஞ்சு, ஜன்னலோரம்

நாப்பத்தோரு பேரு தம்பி! ஆறு மாசத்துல நாப்பத்தோரு பேரு புதுசா எங்க சர்ச்சுக்குள்ள கால் வச்சிருக்காங்க. அதுல ரெண்டாந்தடவை வந்தது எத்தனை பேருன்னு நெனைக்கிறீங்க? ஷேவிங் சோப்பு வாயில போகுது, கொஞ்சம் பாத்துப் போடுங்க… ஒருத்தர்கூட இல்ல! சைபர்! இதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்? வாசல்ல நிக்கிறதுதானே என் வேலை? போறவங்க காலைக் கட்டிப் போடறதா?

எங்க பாஸ்டர் என்னடான்னா, எல்லாரும் காப்பி குடிச்சிக்கிட்டு நிக்கிற எடத்துல வச்சு என் தோள்ல கையைப் போட்டு, "அண்ணே, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்"ங்கிறாரு. ரெஸ்ட்! எம் பையன் வயசு அவருக்கு. முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் செக்கரா நின்ன காலு தம்பி இது. ஓடுற வண்டியில நின்ன காலு. ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தேன், எட்டே நாளு. எங்க வீட்டம்மா சமையக்கட்டுக்குள்ள போனா எங்க போறேன்னு கேப்பேன், வந்தா ஏன் வந்தேன்னு கேப்பேன். ஒம்பதாம் நாளு அவளே பாஸ்டர்கிட்டப் போயி, "ஐயா, இவருக்கு எதாவது ஒரு வேலை குடுத்துக் காப்பாத்துங்க"ன்னா. அப்படிக் கெடைச்சதுதான் இந்த வரவேற்புக் குழுத் தலைவர் பதவி. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா, சொல்லுங்க?

சரி சரி, தலைய ஆட்டலை. கத்திய வைங்க.

விஷயம் என்னன்னா, வருஷப் பொறப்புல பாஸ்டர் ஒரு பிரசங்கம் பண்ணாரு. "நாம நமக்குள்ளயே கை குலுக்கிக்கிட்டு இருக்கோம். சபைக்கு வெளியில இருக்கிறவங்க நம்ம வாசலைத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்காங்க. அவங்களைக் கூப்பிடுங்க, வந்தா நேசிங்க"ன்னாரு. நல்ல பிரசங்கம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு மத்தியானமே உக்காந்து கார்டு தயார் பண்ணிட்டேன். பதினாலு கேள்வி. பேரு, விலாசம், போன் நம்பரு, யாரோட வந்தீங்க, யார் சொல்லி வந்தீங்க, இதுக்கு முன்னால எந்தச் சபை, அங்கேருந்து ஏன் வந்தீங்க… எல்லாம் ஒழுங்கா, வரிசையா. பாஸ்டர் பாத்துட்டு "அண்ணே, ரெண்டு கேள்வி போதாதா"ன்னாரு. அவருக்கு அனுபவம் பத்தாது. பெட்டியில ஏறினவன் யாரு, எங்க எறங்குறான்னு தெரியாம வண்டியை விடலாமா?

எங்க வீட்டம்மா கேக்குறா, "நீங்க ஆளை வரவேற்கிறீங்களா, இல்ல பிடிச்சு அடுத்த ஸ்டேஷன்ல எறக்கிவிடப் போறீங்களா"ன்னு. எகத்தாளம்! நாப்பது வருஷமா இதே எகத்தாளம்தான்.

ஒருத்தன் வந்தான் தம்பி, நல்ல வாட்டசாட்டமான ஆளு. வேகவேகமா உள்ள வந்தான். பாருடா, என்ன ஆர்வம்னு எனக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடிச்சேன், விடலை. கார்டை நீட்டினேன். வாசிச்சுக்கிட்டே ஒத்தக் கால்ல நிக்கிறான், அப்புறம் அடுத்த கால்ல நிக்கிறான், நெத்தியில வேர்வை. பரிசுத்த ஆவியானவரு தொட்டுட்டாருன்னு நெனைச்சேன். பதினாலாவது கேள்விய முடிச்சிட்டு, "ஐயா, பாத்ரூம் எங்க இருக்கு"ங்கிறான்! அதுக்குத்தான் வந்திருக்கான் பாவி! முன்னாலயே சொல்ல வேண்டியதுதானேன்னேன். அந்தக் கேள்வி கார்டுலயே இல்லையேங்கிறான்.

சிரிக்காதீங்க, கத்தி ஆடுது.

அவனையும் மறுநாள் காலையில போன் போட்டு விசாரிச்சேன். எல்லாரையும் திங்கக்கிழமை காலையில ஆறரைக்கெல்லாம் கூப்பிட்டுருவேன். "நேத்து வந்தீங்களே, எப்படி இருந்துச்சு? வர்ற வாரம் வருவீங்கதானே? வரலேன்னா ஏன்?" அப்படின்னு, அன்பாத்தான். மூணு பேரு நம்பரையே மாத்திட்டாங்க. காலம் கெட்டுப் போச்சு தம்பி, அக்கறையா ரெண்டு வார்த்தை கேட்டா ஜனங்களுக்குத் தாங்க முடியலை.

இந்தப் பக்கம் முடிஞ்சிதா? அதுக்குள்ளயா? கொஞ்சம் இருங்க, இன்னும் முக்கியமான கதைக்கே வரலை. இதைச் சொன்னாதான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மூணு வாரத்துக்கு முந்தி. நல்ல மழை. ஆராதனை தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு, ஒரு அம்மா தனியா வந்தாங்க. நனைஞ்ச குடையோட. என்னையப் பாக்கவே இல்ல. நேரா போயி நாலாவது பெஞ்சுல, ஜன்னலோரமா உக்காந்துட்டாங்க. எப்படி இருக்கும் எனக்கு? அது எங்க சபைக் கணக்கர் குடும்பத்து எடம் தம்பி! அவங்க அப்பா காலத்துலேருந்து அங்கதான் உக்காருவாங்க. எழுதி வைக்கலை, ஆனா எல்லாருக்கும் தெரியும். நான் போயி, மரியாதையாத்தான், "அம்மா, இது வேற ஆளுங்க எடம்"னேன். எந்திரிச்சாங்க. பின்னாடி பெஞ்சுக்குப் போனாங்க. அது பாட்டுக்குழு. "அம்மா, இதுவும் ஆளு இருக்கு"ன்னேன். அதுக்கும் பின்னால போனாங்க. அது கைக்குழந்தைக்காரங்களுக்கு. கடைசியில நானே வாசல்கிட்ட ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் குடுத்தேன். நானே தூக்கிட்டு வந்தேன் தம்பி, இந்த முதுகு வலியோட!

அந்த நன்றி இருக்கணுமில்ல? கார்டைக் குடுத்தா, வெறுமனே பாத்துக்கிட்டு இருக்காங்க. பேருகூட எழுதலை. ஒம்பதாவது கேள்வி, "இன்று எதற்காக வந்தீர்கள்", அதுக்கு மட்டும் எழுதினாங்க. என்னன்னு? "கொஞ்ச நேரம் சும்மா உக்காரலாம்னு." இது ஒரு பதிலா? கட்டம் போட்டு வச்சிருக்கேன்: ஜெபம், சுகம், வேலை, குடும்பப் பிரச்சனை, இதர. அதுல ஒண்ணை டிக் அடிக்கணும். "அம்மா, சும்மா உக்கார்றதுக்குக் கட்டம் இல்லையே"ன்னேன். அவ்வளவுதான். பேனாவை என் கையில வச்சாங்க, எந்திரிச்சாங்க, கொட்டுற மழையில எறங்கிப் போயிட்டாங்க. குடையைக்கூட எடுக்கலை!

பச்சைக் குடை. இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு. தேதி எழுதிச் சீட்டு ஒட்டி வச்சிருக்கேன், ரயில்வே பழக்கம். கைப்பிடி ஒடைஞ்சு போயி மஞ்ச டேப்பு சுத்தியிருக்கும்…

என்ன தம்பி? ஏன் நிறுத்திட்டீங்க?

தம்பி, கத்தி கழுத்துகிட்ட இருக்கு… எடுத்துட்டு என்னவா இருந்தாலும் சொல்லுங்க. …ஆமா. மஞ்ச டேப்புதான். குறுக்கால குறுக்கால சுத்தியிருக்கும்… இந்தா, இந்தத் தண்ணி பாட்டில்ல நீங்க சுத்தியிருக்கீங்களே, இதே மாதிரி…

அய்யோ.

உங்க வீட்டம்மாவா?

தம்பி… சத்தியமா எனக்குத் தெரியாது. நான் அவங்களைப் பாத்ததே இல்லையே. இருபது வருஷமா இந்தச் சேர்ல உக்கார்றேன், உங்க வீட்டுல யாரு என்னன்னு ஒரு தடவை நான் கேட்டிருப்பேனா? எங்க கேட்டேன், என் கதையைச் சொல்லவே நேரம் பத்தலை. …எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரியா? ஆமா, சர்ச்சுக்கு நேர் எதிர்லதான். …யாரு, கொழுந்தியாளா? அவங்களுக்குக் கூடப் பொறந்த ஒரே தங்கச்சியா? …அன்னைக்குக் காலையிலதான் டாக்டரு கையை விரிச்சாரா…

அங்க அழுதா தங்கச்சி பாத்துரும்னு ரோட்டைத் தாண்டி வந்திருக்காங்க. உக்காந்து அழறதுக்கு ஒரு எடம் தேடி வந்த பொம்பளைய, மூணு எடத்துல எழுப்பி எழுப்பி… அய்யோ, நான் ஒரு மனுஷனா? டிக்கெட் இல்லாம ஏறினவனைக்கூட நான் அப்படி விரட்டினது இல்லையே தம்பி. மழையில எறக்கி விட்டது இல்லையே.

…தங்கச்சி இப்ப எப்படி… போயிடுச்சா? எப்போ? போன வாரமா? தம்பி… போன வாரமும் நான் இங்க வந்தேனே. முடி வெட்டிக்கிட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? …ஆமா. நான் எங்க சொல்ல விட்டேன். அன்னைக்கு முழுக்க எங்க சபைப் பாட்டுக்கார அக்கா மைக்கைப் பிடிச்சா விட மாட்டேங்கிறாங்கன்னு பொலம்பினேன். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

இந்தத் துண்டை அவுத்து விடுங்க. நான் போறேன். இப்பவே போயி அந்தக் குடையை எடுத்துட்டு வந்துர்றேன். அவங்க கால்ல வேணாலும் விழறேன்…

ஏன் தோளை அமுக்குறீங்க? விடுங்க தம்பி. என்னைய ரெண்டு திட்டாவது திட்டுங்க.

உண்மையைச் சொல்லிர்றேன். இன்னைக்கு நான் ஷேவ் பண்ண வரலை, உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன். ரெஸ்ட் எடுக்க மாட்டேன்னதும் பாஸ்டர் ஒரு கெடு வச்சிட்டாரு, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு ஆளை, சபைக்கு வெளியில இருக்கிற ஆளை, தானா விரும்பி வர்ற மாதிரி நான் கூப்பிட்டு வரணும்னு. இல்லேன்னா வரவேற்புக் குழு பேட்ஜைக் கழட்டி அந்தப் பாட்டுக்கார அக்காகிட்ட குடுத்துடணும். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், எனக்குன்னு வெளியில தெரிஞ்ச ஒரே மனுஷன் நீங்கதான். கார்டைக்கூடச் சட்டைப் பையில வச்சிருக்கேன். பேரு எடத்துல "சலூன் தம்பி"ன்னு பென்சில்ல எழுதியிருக்கேன். உங்க பேரு எனக்குத் தெரியாது பாருங்க. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிடுவேன்?

…என்னது? …பாதி மூஞ்சியா?

ஆமால்ல. இந்தப் பக்கம் இன்னும் சோப்பு அப்படியே இருக்கு.

இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த மொத நாளு நெனைப்பு வருது தம்பி. அன்னைக்கும் மழைதான். ஒரு ஆளைத் தெரியாது. நனைஞ்ச பெட்டியோட உங்க கடை வாசல்ல ஒதுங்கினேன். முடி வெட்டணும்னுகூட நான் சொல்லலை. "உக்காருங்க"ன்னீங்க. ஒரு துண்டைத் தூக்கிக் குடுத்தீங்க. அவ்வளவுதான். யாரு, எங்கேருந்து, எதுக்குன்னு ஒண்ணும் கேக்கலை. இருபது வருஷமா நான் வேற எந்தக் கடைக்கும் போகலை.

பேட்ஜை அக்காகிட்ட இன்னைக்கே குடுத்துர்றேன். வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, குடையை வாசல்ல வச்சிட்டு, கூப்பிடாம வந்துர்றேன். அவங்களை வரச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல. ஆனா என்னைக்காவது அவங்களுக்குச் சும்மா உக்காரணும்னு தோணிச்சுன்னா, அந்த நாலாவது பெஞ்சு… கணக்கர்கிட்ட நான் பேசிக்கிறேன். சண்டை போட்டாவது பேசிக்கிறேன்.

…சரி. உக்கார்றேன். மொகத்தை அந்தப் பக்கம் திருப்பணுமா? திருப்பிட்டேன்.

பேசலை தம்பி. நீங்க சொல்லுங்க. தங்கச்சி பேரு என்ன?