எண்பத்துநாலு காலை

— எண்பத்துநாலு நாள். ஒரு நாள் தப்பல. காலை ஜெபம் முடிஞ்சதும் என் கையாலதான மாத்திரை குடுத்தேன்? திரும்பவும் கிருமி இருக்குன்னு ரிசல்ட் வருது. எப்படிங்க?

— பைய பேசு லில்லி. ரத்தம் ஓடுது. கைய அசைச்சா மிசின் கத்தும்.

— கத்தட்டும். என் கிட்னி உங்களுக்குச் சேரும்னாங்க. ஈரல்ல இருக்குற இந்த ஹெபடைடிஸ் சி கிருமி போனா ஆபரேஷன்னாங்க. பள்ளிக்கூடத்துல லீவு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப என்ன சொல்ல?

— நான் முழுங்கல.

— எத?

— மாத்திரைய. நாக்குக்கு அடியில வச்சிருந்து, நீ அடுப்படிக்குப் போனதும் கொய்யா மரத்து மூட்டுல துப்பிட்டேன்.

— எத்தன நாளு?

— எண்பத்துநாலுல பாதி இருக்கும். வயிறு எரிஞ்சுது.

— சபை காலண்டர்ல தினமும் டிக் போட்டேன். மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் குடுத்தாக்கூட வாயத் தொறந்து பாப்பேன். உங்கள நம்புனேன்.

— திட்டு.

— டயாலிசிஸ் செய்ய வந்த இடத்துல கிருமி ஒட்டுச்சு. அது உங்க தப்பில்ல. இது? வண்ணார்பேட்டை வரைக்கும் போயிட்டு வாரேன். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இங்கன உக்கார முடியல.

— பாத்துப் போ, லில்லி.

— கிருபை அண்ணாச்சி, டீச்சர் ஏன் அழுதுட்டுப் போறாங்க?

— மாத்திரையத் துப்பிட்டேன்னு சொன்னேன், பெர்சிஸ் சிஸ்டர்.

— பொய்யி. டீச்சர் வாரதுக்கு முன்னாலதான டாக்டரம்மா உங்ககிட்ட சொன்னாங்க? கூடவே கேஸ் மாத்திரையும் போட்டதால இந்த மாத்திரை உடம்புல ஏறலன்னு.

— மொதல்லயே யாரும் சொல்லலியே.

— சொல்லிருக்கணும். வேற என்ன மாத்திரை போடுதீங்கன்னு நாங்க கேக்கவே இல்ல.

— வயிறு எரியுதுன்னு ஒரே ஒரு நாள் சொன்னேன். மறுநாள்லருந்து அவ ஒரு கையில கிருமி மாத்திரை, ஒரு கையில கேஸ் மாத்திரை. அவ நீட்டுனா நான் ரெண்டையும் வாங்கிப் போட்டுக்குவேன்.

— அவங்கட்ட சொல்லிருங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு தடவைதான் மருந்து தருவாங்க. அதுவும் கேக்கலன்னா ஆபரேஷன் கெடையாது.

— அவ அப்பாவுக்கு ஒரு நேரம் மாத்திரை குடுக்க மறந்தா, அவரு போயிட்டாரு. அதுக்கு இன்னும் ஜெபத்துல அழுவுதா. இதத் தாங்குவாளா?

— அடுத்த தடவையும் அவங்க கையாலதான வாங்கிப் போடுவீங்க?

— கேஸ் மாத்திரைய மட்டும் துப்பிருவேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

— அந்தக் கையத் தூக்காதீங்க! ஊசி இருக்கு. சரி, சொல்லல. டீச்சர் வாராங்க.

— கொஞ்சம் தள்ளிக்கோங்க சிஸ்டர். இந்தாங்க, தண்ணி. இன்னும் எரியுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும்லா? ஒரு மாத்திரை பத்தலன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேஸ் மாத்திரை நூறு வாங்கியாந்துட்டேன். இனி காலையில ரெண்டு. முழுங்கிட்டு, நாக்கத் தூக்கிக் காட்டணும், தெனமும். ம், ஆ காட்டுங்க.