உறவினர்களின் கனிவான கவனத்துக்கு

…இல்லண்ணே, சத்தத்தைக் குறைச்சு வைக்கிற கதையே வேண்டாம். கழட்டிடுங்க. அடியோட கழட்டிடுங்க. குறைச்சு வச்சா குருவி மெதுவாக் கத்தும், அவ்வளவுதானே? கத்துறது கத்துறதுதான். இந்த வீட்டுக்குக் குடிவந்தப்ப எங்க வீட்டுக்காரரு ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தாரு, குருவிச் சத்தம் போடுற காலிங் பெல். காதுக்கு இனிமையா இருக்குமாம். குருவியா அது? கழுத்தைப் பிடிச்ச கோழி!

பார்த்து, பார்த்து… அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. நான் வந்து பிடிச்சுக்கவா? …அட, ஏன் இப்படிப் பதறுறீங்க? வரலை, வரலை, உக்காந்துக்கிறேன். உக்கார்றது பெரிய வேலை இல்லண்ணே. எழுந்திரிக்கிறதுக்குத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கு. என் காலை நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ரெண்டு செருப்பும் ஒரே ஜோடிதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க… ஐயய்யோ, வாயில ஸ்க்ரூவை வச்சுக்கிட்டுப் பேசாதீங்க! முழுங்கித் தொலைச்சா, ரெண்டு பேரும் ஒரே ஆம்புலன்ஸ்ல போக வேண்டியதுதான். தலையை ஆட்டுங்க, போதும்.

நல்லா அடிக்கிற பெல்லை எதுக்குக் கழட்டுறான்னுதானே பார்க்கிறீங்க? எல்லாம் வர்ற சனத்துக்குத்தான். குழந்தை பொறந்துச்சுன்னு ஒரு வார்த்தை வெளியில போகட்டும், அப்புறம் பாருங்க கூத்தை. எங்க சொந்தத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. இவரோட பெரியப்பா ஒருத்தரு இருக்காரு. எந்த வீட்டுல குழந்தை பொறந்தாலும் முதல் ஆளாப் போயி மூக்கைப் பார்ப்பாரு. 'இது நம்ம வீட்டு மூக்கு'ன்னு தீர்ப்பு சொல்லாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரு. இப்பத்தான் பொறந்த குழந்தைக்கு மூக்கு எங்கண்ணே இருக்கு? ரெண்டு ஓட்டை இருக்கும், நாமதான் மூக்குன்னு நம்பிக்கணும்.

அடுத்தது என் நாத்தனார். தங்கமானவங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா தனியா வர மாட்டாங்க, ஒரு படையே வரும். 'நீ படுத்துக்கோ, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்'னு சொல்லுவாங்க. சொல்லிட்டு, 'டீத்தூள் எங்க? சர்க்கரை எங்க? அந்தப் பெரிய பாத்திரம் எங்க?' நான் படுத்த இடத்துல இருந்து வழி சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு நானே எழுந்து டீயைப் போட்டுக் குடுத்துட்டுப் படுக்கலாம். எதிர் வீட்டு டீச்சர் வேற. குழந்தை அழுதா 'ஏன் அழுவுது?' அழலேன்னா 'ஏன் அழ மாட்டேங்குது?' இவராவது வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லுவாரா? வழி கேட்டு வந்தவனைக்கூட உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிற ஆளு.

அதான் நானே முடிவு பண்ணிட்டேன். …என் குரலு எங்கயோ கேட்ட மாதிரி இல்ல உங்களுக்கு? நல்லா யோசிங்க. பஸ் ஸ்டாண்டு… மைக்கு… 'பயணிகளின் கனிவான கவனத்துக்கு'… ஆ! கண்ணு விரியுது பாருங்க! ஆமாண்ணே, அது நான்தான். 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை'யும் நான்தான். இப்ப லீவுல இருக்கேன். எனக்குப் பதிலா ஒரு பொண்ணு சொல்லுது, தாலாட்டுப் பாடுற மாதிரி. பஸ்ஸைப் பிடிக்க வந்தவன் பெஞ்சியில தூங்கிடுவான். நம்ம குரல் அப்படி இல்ல. 'மூன்றாவது நடைமேடை'ன்னு ஒரு தடவை சொன்னேன்னா, கூட்டமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடும். எதுக்குன்னு ஒருத்தன் கேட்க மாட்டான்.

அந்தக் குரல்லதான் எங்க குடும்ப குரூப்புல பேசி அனுப்பினேன். பின்ன? சாதாரணமா 'வராதீங்க'ன்னா நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க? 'சும்மா சொல்லுது புள்ள, கிளம்புங்க'ம்பாங்க. அதான் நல்லாத் தொண்டையைச் செருமிக்கிட்டு, 'உறவினர்களின் கனிவான கவனத்துக்கு. குழந்தை பிறந்து முதல் மாதம் முடியும் வரை, யாராக இருந்தாலும், வீட்டுக்கு வருவதைத் தவிர்க்கவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' ரெண்டு தடவை சொன்னேன். நாங்க எதையும் ரெண்டு தடவைதான் சொல்லுவோம், பழக்கம்.

அடங்கிட்டாங்கண்ணே! பெரியப்பா 'உத்தரவு தாயே'ன்னு போட்டாரு. நாத்தனார் பூங்கொத்துப் படம் அனுப்பினாங்க. ஒரு ஈ காக்கா வராது இனிமே…

என்ன? …ஸ்க்ரூவை வெளியில எடுத்துட்டீங்களா? என்ன கேட்டீங்க? யாருமே வர மாட்டாங்கன்னா பெல்லை எதுக்குக் கழட்டணுமா?

…அந்த ஸ்க்ரூவை மறுபடி வாயில போட்டுக்குங்கண்ணே.

…

அந்த குரூப்புல எங்கம்மாவும் இருக்காங்க.

மறக்கலண்ணே! அம்மாவை யாராவது மறப்பாங்களா? அவங்க என் கணக்குலயே வரல. அம்மா என்ன விருந்தாளியா? அவங்க வந்து என்கூட இருக்கிறதுக்குத்தானே மத்தவங்களை வராதீங்கன்னேன். பையெல்லாம் கட்டி வச்சிருந்தாங்க. போன வாரமே வந்திருக்கணும். நான் சொன்னதைக் கேட்டுட்டு என்ன அனுப்பினாங்க தெரியுமா? கட்டை விரல். பெத்த பொண்ணுக்குக் கட்டை விரல்! நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம், மறுநாள் பஸ் ஏறி வந்திருப்பாங்க. கட்டை விரலுக்கு என்னண்ணே பதில் சொல்றது?

'போன் போட்டு வாம்மான்னு சொல்லேன், ஒரு வார்த்தைதானே'ங்கறாரு இவரு. ஒரு வார்த்தைதான். அதை அவங்க கேட்டா என்னவாம்? 'அது எனக்கும் சேர்த்தாடீ?'ன்னு கேட்டா வாய் வலிக்குமா? எனக்குப் பிடிவாதம்னு ஊரே சொல்லுது. அது எங்க இருந்து வந்துச்சு, கடையில வாங்கினதா? அவங்க பிடிச்ச முயலுக்கும் மூணு கால், நான் பிடிச்ச முயலுக்கும் மூணு கால். ரெண்டு நொண்டி முயல் ஆளுக்கொரு ஊர்ல உக்காந்திருக்கு.

பெல் அடிக்கும். துள்ளிக் குதிச்சு… எங்க குதிக்கிறது, உருண்டு எழுந்து ஓடுவேன். பார்த்தா தண்ணிக் கேன்காரரு. மறுபடி அடிக்கும், மறுபடி ஓடுவேன். எதிர் வீட்டு டீச்சருக்கு வந்த பார்சல். நேத்து சோப்பு விக்க ஒரு பொண்ணு வந்துச்சு. கதவைத் திறந்த என் மூஞ்சியைப் பார்த்துட்டு, 'சாரிக்கா'ன்னு அதுவா போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் அம்மாவா இருக்கும், அம்மாவா இருக்கும்னு… அதான் கழட்டிடுங்கன்னேன்.

டாக்டரம்மா எதைக் கேட்டாலும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ங்கறாங்க. நல்லாத்தான் இருக்கும். எனக்குக் குழந்தையைத் தூக்கவே தெரியாதுண்ணே. கழுத்து நிக்காதாமே? தலையணையை வச்சுப் பழகிப் பார்த்தேன். ரெண்டு தடவை கீழ போட்டுட்டேன். தலையணை ஒண்ணும் சொல்லல…

என்ன, போனை எடுத்து நீட்டுறீங்க? இறங்கி வந்து எடுத்துக் குடுக்கிறீங்களே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? …சரி, குடுங்க. சும்மா ஒரு விசாரிப்புதான். வான்னெல்லாம் கேட்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். நீங்க வெளியில போயி அந்த ஸ்விட்சு ஒயர் என்னன்னு பாருங்க. ரிங் போகுது…

அம்மா? …ம். …ம், இருக்கேன். …சாப்பிட்டேன். …காலா? கொஞ்சம் வீங்கித்தான் இருக்காம், இவரு பார்த்துச் சொன்னாரு. …ஒண்ணுமில்ல, ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். எங்க வீட்டு பெல் ரிப்பேரும்மா. …ஆமா, சுத்தமா அடிக்கல. செத்துப்போச்சு. …உன்கிட்ட ஏன் சொல்றேனா? பொதுவாத்தான். யாராவது வந்தாங்கன்னா, அழுத்திப் பார்த்துட்டு, வீட்டுல ஆள் இல்லேன்னு திரும்பிப் போயிடக் கூடாதுல்ல? கதவைத் தட்டணும். யாராக இருந்தாலும். …நான் எங்க உன்னை வரச் சொன்னேன்? தகவல் சொன்னேன். …அது பழைய அறிவிப்பு. இது புது…

…ஐயோ.

…என்ன சத்தமா? எந்தச் சத்தம்? …அதுவா? குருவிம்மா. ஜன்னல்ல. இங்க குருவிங்க நிறைய வரும், காலையிலயே… அண்ணே! போதும்ண்ணே, அழுத்தாதீங்க! …எலக்ட்ரீசியன்மா. …ம். …ஆமா. …ஆமாம்மா, அடிக்குது. நல்லாத்தான் அடிக்குது.

சிரிக்காதம்மா.

…பெல்லுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். வந்துடு.