சிவப்புத் தகரம்

அத்தான்: …நீ போ மச்சான். நான் இப்படி ஓரமா நிக்கிறேன்.

மச்சான்: ஓரமா நிக்கவா ஷிப்ட் முடிஞ்சு குளிக்காமக்கூட ஓடி வந்தோம்?

அத்தான்: வயிறு சரியில்ல.

மச்சான்: முந்தாநாள் தலைவலி. நேத்து முதுகு. இன்னைக்கு வயிறு. வலி படிப்படியா இறங்குது அத்தான், நாளைக்கு முட்டிக்கு வந்துடும்.

அத்தான்: சிரிப்பா இருக்கா உனக்கு?

வாட்ச்மேன்: முதியோர் வகுப்புக்கு வந்தீங்களா, கேட்டுக்குக் காவல் நிக்க வந்தீங்களா? அதுக்கு நான் ஒருத்தன் போதும்.

மச்சான்: பரீட்சைக்குத்தாண்ணே. அஞ்சு நிமிஷம்.

வாட்ச்மேன்: அஞ்சே நிமிஷம். அப்புறம் பூட்டிடுவேன். டீச்சரம்மா கறார்.

மச்சான்: கேட்டீங்களா? ஆறு மாசமா, மத்தவன் எல்லாம் கால் நீட்டிப் படுக்கிற நேரத்துல இங்க வந்து எழுத்துக் கூட்டியிருக்கீங்க. இன்னைக்கு எழுதலன்னா பேரை அடிச்சிடுவாங்க. பாஸானாத்தான் கம்பெனியில உங்களைத் திரும்ப மெஷினுக்கு விடுவாங்க. இல்லன்னா கடைசிவரைக்கும் தொடப்பக்கட்டைதான்.

அத்தான்: தொடப்பம் எத்தனை விரல்னு கேக்காதுடா.

மச்சான்: பென்சிலும் கேக்காது அத்தான்.

அத்தான்: மூணு விரல்ல பென்சில் நிக்க மாட்டேங்குது. அவ்வளவுதான்.

மச்சான்: பொய். போன வாரம் அக்காவுக்குச் சீட்டு எழுதினீங்களே, 'சாவி ஜன்னலில்'னு. படிக்கத் தெரியாட்டியும் அதைக் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கா.

அத்தான்: அவ கெடக்கா… இங்க பாரு, நீயும் போக வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்.

மச்சான்: நானுமா? என் வயிறு நல்லாத்தானே இருக்கு.

அத்தான்: டீச்சர் என்ன சொன்னாங்க? அவங்கவங்க வேலை பார்க்கிற இடத்துல இருக்கிற போர்டைப் படம் எடுத்து வச்சிருக்காங்களாம். அதைத்தான் எல்லார் முன்னாடியும் வாசிக்கணுமாம்.

மச்சான்: ஆமா.

அத்தான்: நம்ம அரவை மெஷின் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு.

மச்சான்: …சிவப்புத் தகரம்.

அத்தான்: அதுல என்ன பெருசா எழுதியிருக்கப் போறான்? விடு. வா.

மச்சான்: அத்தான்… நான் அதைப் படிச்சிட்டேன்.

அத்தான்: எப்போ?

மச்சான்: போன மாசம். 'சுவிட்சை அணைத்தாலும் சக்கரம் சுற்றும். நூறு எண்ணிய பிறகே மூடியைத் திற.' அந்தத் தகரம் தொங்குற ஆணியிலதான் தினமும் என் சட்டையை மாட்டுவேன். நீங்க மூடியைத் திறந்து விரல் போச்சே… அன்னைக்கும் போர்டை மறைச்சிக்கிட்டு என் சட்டைதான் தொங்குச்சு.

வாட்ச்மேன்: ரெண்டு நிமிஷம் இருக்கு…

மச்சான்: இதோண்ணே… போன மாசம் படிச்ச பிறகும் மாட்டினேன் அத்தான். வேணும்னே. நீங்க பார்த்துடக் கூடாதேன்னு. இன்னைக்குக் காலையிலதான் கழட்டினேன். திட்டுங்க, அடிங்க. ஆனா உள்ள வாங்க. அந்த மெஷின்கிட்ட நீங்க திரும்ப நிக்கிறதை நான் பார்க்கணும்.

அத்தான்: ரெண்டு மாசம் முன்னாடி, பெருக்கும்போது உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்டா. நீ படிச்சா உடைஞ்சு போவேன்னுதான் இத்தனை வயித்துவலியும். சட்டை இல்லாட்டியும் அன்னைக்கு எனக்கு அது வெறும் தகரம்தான், ஒரு எழுத்துத் தெரியுமா எனக்கு?… அண்ணே, பூட்டாதீங்க, ரெண்டு பேர் வர்றோம். பென்சிலைக் குடு மச்சான். அந்தப் போர்டை நான் வாசிக்கிறேன். சத்தமா.