விஞ்ஞானிகளை ஆராயும் பையன்

கரியாஹாட் நிறுத்தத்தில் டிராம் ஏறிய தமிழ்த் தம்பதி எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மகளுக்குப் பார்த்திருக்கும் வரன் வீட்டிலிருந்து திரும்புகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"பையன் விஞ்ஞானி இல்லையாம்," என்றார் கணவர். "விஞ்ஞானிங்க ஜனங்களுக்கு எப்படி விளக்கிச் சொல்றாங்கன்னு ஆராயறானாம்."

"அந்த விஞ்ஞானிங்க எதை ஆராயறாங்க?"

"அணு, நட்சத்திரம், அந்த மாதிரி. அதனால என்ன பிரயோஜனம்னு அவங்களுக்கே இன்னும் தெரியாதாம்."

"தெரியாததை எப்படி விளக்குவாங்க?"

"அதைத்தான் இவன் ஆராயறான்."

மனைவி பேச்சை மகள் பக்கம் திருப்பினார்.

"நம்ம பொண்ணுகிட்ட ஃபோன்ல பேசினானே, அவளுக்காவது புரிஞ்சுதாமா?"

"புரியலையாம். ஆனா அவன் பேசறதை இன்னும் கேக்கணும் போல இருக்காம்."

"அப்ப சரின்னு சொல்லிடுங்க. சொந்தக்காரங்க கேட்டா, பையன் என்ன பண்றான்னு நீங்களே சொல்லிக்குங்க."