சேவ் பண்ணாத கமாண்ட்

"வேணும்னேதான்டி சேவ் பண்ணலை."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள். ஏதோ காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவள்.

"பிரின்சிபால் சார் என்ன சொன்னாரு?"

"நெட்டு இருந்தா பொண்ணுங்க கெட்டுப்போயிடுவாங்களாம். பசங்க ஹாஸ்டலுக்கு மட்டும் போதுமாம். பாவம், புராஜெக்ட்டுக்கு இவளுவ எங்க போவாளுவ? ரூட்டர்ல பொண்ணுங்க ஹாஸ்டலுக்குத் தடை போடுற கமாண்டை, பக்கத்துலயே நின்னு அடிக்க வச்சாரு. அடிச்சேன். நெட்டு நின்னுச்சு. சந்தோசமா போயிட்டாரு."

"அப்புறம்?"

"கடைசியா சேவ் பண்றதுக்குன்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதை அடிக்கலைன்னா, கரண்ட் போயிட்டு வந்ததும் ரூட்டர் அந்தத் தடையை மறந்துடும். பொண்ணுங்களுக்கு நெட்டு வந்துடும்."

"யூபிஎஸ் இருக்குமே?"

"அது பேட்டரி செத்துப்போயி கெடக்கு. மாத்துங்க சார்னு நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அவருதான் மாத்தலை."

குன்னத்தில் பஸ் நின்றது. கரண்ட் இல்லாமல் டீக்கடை இருட்டாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

"கண்டுபிடிச்சா வேலை போயிடும்டி. திரும்பப் போடச் சொன்னா என்ன பண்ணுவ?"

"போடுவேன். அப்பவும் சேவ் பண்ண மாட்டேன்."