லைசன்ஸ் கேட்ட மெலனி

சிவபாதம்: ...அதுக்குத்தான் அக்கா, சப்பாத்தைக் கூடக் கழட்டாமல் ஓடி வந்தனான்.

பாலேஸ்வரி: அது தெரியுது. இப்பதான் நிலம் துடைச்சனான். கழட்டிப்போட்டுச் சொல்லு.

சிவபாதம்: கண்ணை மூடுங்கோ. கையை நீட்டுங்கோ. மயூரி எங்கை? மயூரி, கீழை வா...

பாலேஸ்வரி: கத்தாதையடா. மகள் மேலை வேலை செய்யிறாள், மீற்றிங்காம். என்னது இது? அட்டையிலை உன்ரை படமோ? கள்ளன் மாதிரிக் கிடக்கு.

சிவபாதம்: படத்தை விடுங்கோ. பக்கத்திலை வாசியுங்கோ. வீடு திருத்திற வேலைக்கு நகரசபை குடுத்த லைசன்ஸ்.

பாலேஸ்வரி: கிடைச்சிட்டுதோ... பொறு, சந்தனம் எடுத்துக்கொண்டு வாறன்.

சிவபாதம்: நம்பருக்கு மேலை வைக்காதேங்கோ... ஐயோ, வைச்சாச்சு. நகரசபை ஆக்கள் கேட்டால் சந்தனத்தையோ காட்டுறது?

பாலேஸ்வரி: துடைக்காதை. சாமிக்கு முன்னாலை கொஞ்ச நேரம் இருக்கட்டும். இதை வைச்சு என்னென்ன செய்யலாம்?

சிவபாதம்: கதவு, சுவர், நிலம், குசினி அலுமாரி. இனி ஒளிச்சு மறைச்சு வேலையில்லை. வான் வண்டியிலை பெரிசாப் பேர் எழுதுவன்.

பாலேஸ்வரி: வயர் வேலை கேட்டால்?

சிவபாதம்: தொடமாட்டன். அதுக்கு எலெக்ட்ரீசியன் லைசன்ஸ் உள்ள ஆள்தான் வரோணும். சொல்லிப்போட்டு வந்திடுவன்.

பாலேஸ்வரி: 'ஒரு சின்ன வயர்தானே அண்ணை' எண்டு கெஞ்சினால்...

சிவபாதம்: லைசன்ஸ் இல்லாத அத்தானிட்டையும் அப்பிடித்தான் கெஞ்சினவை. அவருக்குக் கரண்ட் அடிக்கேக்கை ரோச் லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். மறப்பனே?

பாலேஸ்வரி: அந்த மனுசனுக்கு ஏலாது எண்டு சொல்லவே வராது. ஆர் கேட்டாலும் ஓம், ஓம்...

சிவபாதம்: அழாதேங்கோ அக்கா. நல்ல விசயத்தோடை வந்தனான்.

பாலேஸ்வரி: ஆர் அழுறது? வெங்காயம்.

சிவபாதம்: எங்கை வெங்காயம்?

பாலேஸ்வரி: உனக்கேன். லைசன்ஸ் எடு, எடு எண்டு அவர் செத்த நாளிலயிருந்து சொன்னன். உன்ரை காதிலை விழேல்லை. இப்ப மட்டும் எப்பிடி விழுந்தது?

சிவபாதம்: நீங்கள் சொல்லியில்லை. லீசைட்டிலை, அந்தப் பணக்கார ஏரியாவிலை, ஒரு வெள்ளைக்காரி இருக்கிறா, மெலனி எண்டு. பெரிய வீடாம், கதவெல்லாம் மாத்தோணுமாம். போனிலை விலையைக் கூடக் கேக்கேல்லை. லைசன்ஸ் நம்பர் என்ன எண்டு கேட்டா. இல்லை எண்டன். டப்பெண்டு வைச்சிட்டா.

பாலேஸ்வரி: வெள்ளைக்காரி எண்டு எப்பிடித் தெரியும்?

சிவபாதம்: இங்கிலீஸ் அப்பிடி. மூக்காலை கதைக்கிறா. பிறகும் ரெண்டு தரம் எடுத்தவ. அதே கேள்வி, அதே டப்.

பாலேஸ்வரி: விசரியாக்கும்.

சிவபாதம்: அவவைச் சொல்லாதேங்கோ. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. இண்டைக்கு முதல் போன் கோல் அவவுக்குத்தான்.

பாலேஸ்வரி: இப்ப வேண்டாம். முதல் தேத்தண்ணியைக் குடி.

சிவபாதம்: ஒரு நிமிசம்...

பாலேஸ்வரி: வெள்ளைக்காரர் இந்த நேரம் சாப்பிடுவினம். நாளைக்கு எடன்.

சிவபாதம்: பின்னேரம் மூண்டு மணிக்கோ? பொறுங்கோ, அடிக்குது... அக்கா, மேலையும் ஒரு போன் அடிக்குது.

பாலேஸ்வரி: அது மயூரியின்ரை வேலைப் போன். நீ வை.

சிவபாதம்: வைச்சிட்டன். அதுவும் நிண்டிட்டுது... திருப்பி எடுத்தால்... அக்கா, திருப்பியும் அடிக்குது.

பாலேஸ்வரி: என்னைப் பாக்காதை. நான் சொல்லித்தான் நீ கேக்கேல்லையே.

மயூரி: ஹலோ, மெலனி ஸ்பீக்கிங்.

சிவபாதம்: அடியே மயூரி...

மயூரி: முதல் லைசன்ஸ் நம்பரைச் சொல்லுங்கோ மாமா. அப்பாட்டை அதை ஒருத்தரும் கேக்கேல்லை.