கரையாத பேனா

மல்லேஸ்வரத்திலிருந்து அல்சூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்:

"உங்களால என் மயில் அழுவுது."

"நல்லா எழுதும்னு சொல்லித்தானே கடைக்காரர் குடுத்தாரு?"

"எழுதவா கேட்டேன்? படத்துக்கு அவுட்லைன் போட, தண்ணி பட்டா கரையாத பேனா வேணும்னு மூணு தடவை சொன்னேன். நீங்க ஜெல் பேனா வாங்கிட்டு வந்தீங்க. நானும் நம்பி வரைஞ்சேன். மேல வாட்டர் கலர் அடிச்சதும் மயில் கண்ணுலேர்ந்து மை வழிஞ்சு கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. பத்து நாள் வேலைங்க! இப்பதான் முதல் தடவையா ஒரு குழந்தைங்க புக்குக்கு வரையச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை குடுக்கணும்."

"அதான் இப்ப வேற பேனா வாங்கியாச்சே."

"இதையும் அதே கடைக்காரர்தானே நல்லதுன்னாரு? கையக் காட்டுங்க."

கணவரின் மணிக்கட்டில் அந்தப் பெண் ஒரு கோடு இழுத்தார். ஊதிக் காயவைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, முந்தானையால் அழுத்தித் தேய்த்தார். கோடு அப்படியே இருந்தது.

"ஐயோ, போகவே மாட்டேங்குதே! ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவேன்?"

அந்தப் பெண் பையிலிருந்து அடுத்த பேனாவை எடுத்தார்.

"இது மெல்லிசு முனை. றெக்கைக்கு."

கணவர் பெருமூச்சு விட்டு, மற்ற கையையும் நீட்டினார்.